மீட்டர் கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

எங்கள் காரை மாதவரத்தில் வாங்கிய நாளிலிருந்தே அதன் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. கார் புதிதல்ல, எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. அந்த விளக்கைப் பார்த்தால் வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மாதிரி ஒரு படம். விற்றுக் கொடுத்த புரோக்கர் அதைச் சட்டையே செய்யவில்லை. "அது சென்சாருண்ணே. சும்மா எரிஞ்சிகினு கெடக்கும், கண்டுக்காத" என்று சொல்லி, சாவியை என் கணவர் கையில் திணித்தார்.

என் கணவர் கண்டுகொள்கிற ஆள். துறைமுகத்தில் இருபத்தேழு வருடம் கிரேன் ஓட்டியவர். ஏழு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்கும் டிரெய்லர் லாரியின் முதுகில் கண்டெய்னரை அலுங்காமல் இறக்கி வைப்பது அவர் வேலை. அங்கே அவருக்குத் துணை எதிரே இருக்கும் விளக்குகள்தான். அதனால் காரை வாசலில் நிறுத்திய அன்று மாலையே என்னையும் உள்ளே உட்காரவைத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"தோ பாரும்மே. பச்சை, நீலம்னா சும்மா சேதி. லைட்டு போட்டுகீற, இண்டிகேட்டர் போட்டுகீறன்னு சொல்லுது. மஞ்சளுன்னா, இன்னிக்கி இல்லன்னாலும் ரெண்டு நாள்ல போய்க் காட்டுன்னு அர்த்தம். செவப்புன்னா அங்கியே நிறுத்து. அப்பால யோசி."

நான் மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "சரிய்யா, சரிய்யா" என்றேன். அவர் சொன்னதில் நிறங்கள் மட்டும் எப்படியோ காதில் ஏறின. படங்கள் ஒன்றும் ஏறவில்லை. இத்தனைக்கும் நான் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். யானை, வாழைப்பழம், கடிகாரம் என்று படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். என் சொந்தக் காரில் பத்துப் படங்கள் இருந்தன. ஒன்றைக்கூட இது என்ன என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்து மெக்கானிக் பாயிடம் மஞ்சள் விளக்கைக் காட்டுவதாக ஏற்பாடு. முந்தின நாள் காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. அவர் குனிந்து எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாய்யா, பிரஷ்ஷாண்ட பேசிகினு கீறியா?" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். அவர் திரும்பியபோது முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் ஒரே காலையில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது காலில் கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது. கோலை ஊன்றி நாலு எட்டு வைப்பார். கையும் பேச்சும் வரவே இல்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும் என்றார்கள். ஆனால் ஆமாம் என்றாலும் தலையை ஆட்டுவார், இல்லை என்றாலும் அதே மாதிரி ஆட்டுவார். வாயைத் திறந்தால் "ஆ" என்ற ஒரு சத்தம் வரும். டாக்டர் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "திரும்பி வர்றது பெரும்பாலும் இந்த முதல் சில மாசத்துலதான் வரும். ஒரு நாள்கூட விடாதீங்க" என்றார். அந்த வார்த்தை என் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. அங்கன்வாடிக்கு நீண்ட லீவு போட்டேன். அதற்குப் பிறகு காலை பத்து மணி என்றால் எனக்கு வேறு உலகம் கிடையாது. பத்து மணிக்கு ராயபுரத்தில், அந்தப் பேச்சுப் பயிற்சி அறையில், அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தாக வேண்டும்.

நாங்கள் இருப்பது விம்கோ நகர். வாசலில் இருந்து பார்த்தால் மெட்ரோ தெரியும். ஆனால் இந்த முனையில் ஒரு நடை, அந்த முனையில் ஒரு நடை. அவர் நாலு எட்டுக்கு மேல் நடக்க முடியாது. ஆட்டோவில் விறைத்த கால் மடங்காது. ஆக, கார்தான். அதை ஓட்ட நான்தான்.

லைசென்ஸ் என்னிடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே அவர் வற்புறுத்தி எடுக்க வைத்தார். "ரிட்டையர் ஆயிட்டன்னா நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துகினு வேடிக்கை பாத்துகினு வரேன். ஜென்மத்துக்கும் ஓட்டிட்டேன்" என்பார். அவர் கேட்டபடியேதான் நடந்தது. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் காட்டாததை எல்லாம் சேர்த்து வைத்து ரோட்டில் காட்டினேன். ஹாரன் அடிக்கிறவனைத் திட்டுவேன், ஹாரன் அடிக்காமல் வருகிறவனையும் திட்டுவேன். இதற்கு நடுவில் அந்த மஞ்சள் விளக்கு. ஒவ்வொரு தடவை வேகத்தைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தும்போதும், மெக்கானிக்கிடம் போகாததற்கு என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி எரியும். போகத்தான் நினைத்தேன். ஆனால் பாய் ஒருநாள் முழுக்க வண்டியை விட்டுப்போகச் சொன்னார். ஒருநாள் கார் இல்லாவிட்டால் ஒருநாள் பயிற்சி போச்சு. தள்ளிக்கொண்டே போனேன்.

எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாத பழக்கம் அதிகம் என்றும் சொல்ல வேண்டும். காலையில் கம்பெனிச் சங்கு ஊதினால் வெளியூர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள்; நாங்கள் இரண்டாவது ஈடு இட்லியை எடுப்போம். வடக்கிலிருந்து காற்று அடித்தால் கம்பெனி வாயு நெடி ஒன்று வரும். எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சீரியலைத் தொடருவோம். தினமும் ஒலிக்கிற எச்சரிக்கை எங்களுக்கு மணி பார்க்கிற கடிகாரம். எரிந்துகொண்டே இருக்கிற விளக்கை நான் மதிக்காமல் போனதற்கு நான் மட்டும் காரணம் இல்லை, ஊரும் கொஞ்சம் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

பொட்டு ஒட்டியது தற்செயலாகத்தான். திருவொற்றியூர்த் தேரடி பக்கம் நெரிசலில் நிற்கிறோம், சரியான வெயில். முந்தானையால் முகத்தைத் துடைக்கும்போது ஸ்டிக்கர் பொட்டு விரலோடு வந்துவிட்டது. வீட்டில் முகம் கழுவும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைப்பேன். எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் என் பொட்டுகள் ஒரு வரிசை இருக்கும். "ஷேவ் பண்ண நின்னா மூஞ்சில அம்மை போட்டா மாதிரி தெரியுதும்மே" என்று அவர் பேசிய காலத்தில் சலித்துக்கொள்வார். அந்தக் கைப்பழக்கத்தில், எதிரே பளபளவென்று தெரிந்த மீட்டர் கண்ணாடியில் ஒட்டினேன். சரியாக மஞ்சள் விளக்கின்மேல் உட்கார்ந்தது. விளக்கு மறைந்தது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. வீடு போய்ச் சேர்ந்தும் அதை எடுக்கவில்லை.

அவர் அன்றே எதிர்ப்புத் தெரிவித்தார். இடது கையை நீட்டி மீட்டரைக் காட்டி "ஆ, ஆ" என்றார். நான் வேகமாகப் போவதாகச் சொல்கிறார் என்று நினைத்து, "மெதுவாத்தான்யா போறேன்" என்றேன். மறுநாளும் காட்டினார். "பாத்துதான் ஓட்டிகினு இருக்கேன்" என்றேன். நாலாவது நாள் காட்டுவதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சைகைகளுக்கு நானே ஒரு அகராதி போட்டு வைத்திருந்தேன். தொடையில் இரண்டு தட்டு என்றால் ஒன்றுக்கு. கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் தண்ணீர். நெற்றியைச் சுருக்கினால் ஃபேன். இந்த மூன்றுக்கு மேல் ஒரு மனிதனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் போயிருக்கும். வெயிலில் பசை காய்ந்து அந்தச் சின்னப் பொட்டு கீழே விழுந்துவிட்டது. மஞ்சள் விளக்கு மறுபடி என்னைப் பார்த்தது. அன்று வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைகளில் நான் பெரிய பொட்டாக, குங்கும நிறத்தில், வட்டமாக வைப்பேன். நெற்றியிலிருந்து அதைப் பிய்த்து மீட்டர் கண்ணாடியில் அழுத்தினேன். பெரிய பொட்டு இல்லையா, மஞ்சள் விளக்கையும் மூடி, அதற்குப் பக்கத்தில் எரியாமல் இருட்டாக இருந்த இன்னொரு இடத்தையும் சேர்த்து மூடிக்கொண்டது. எரியாத இடத்தில் என்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஹை ரோட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று கடலோரச் சாலையைப் பிடித்தேன். இடது பக்கம் பாறாங்கற்களும் கடலும், வலது பக்கம் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளின் வரிசை. திருவொற்றியூரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது காருக்கு அடியில் டொம் என்று ஒரு சத்தம். அந்த ரோட்டில் கண்டெய்னரைப் பூட்டுகிற இரும்புத் துண்டுகள் விழுந்து கிடக்கும். ஏதோ ஒன்றின்மேல் ஏறிவிட்டோம் என்று தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் ஐந்து நிமிடம் போகும். மணி ஒன்பதே முக்கால். நிறுத்தவில்லை.

கொஞ்சம் போனதும் லாரிகள் எங்கள் வரிசைக்கும் வந்துவிட்டன. முன்னால் லாரி, பின்னால் லாரி, நடுவில் நாங்கள் நத்தையாக ஊர்ந்தோம். அப்போதுதான் அவர் ஆரம்பித்தார். இடது கையால் டேஷ்போர்டைத் தட்டினார். "ஒண்ணுக்கா?" என்றேன். தலையை ஆட்டினார். "தண்ணியா?" அதற்கும் ஆட்டினார். பாட்டிலை நீட்டினேன், தட்டிவிட்டார், தண்ணீர் என் புடவையில் கொட்டியது. "ஆ! ஆ!" என்று கத்தத் தொடங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் லாரி ஹாரன், முன்னால் புகை, மணி பத்தாகப் போகிறது. எனக்குத் தலைக்கு மேல் ஏறியது.

"வாய மூடிகினு வாய்யா!" என்று கத்தினேன்.

பேச்சு போன மனிதனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கத்துவதை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. வேலைநேரத்தில் கூட இருக்கிறவன் தூங்கிவிட்டால் பார்க்கிற பார்வை. பிறகு இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் சீட் பெல்ட்டைக் கழற்றினார். அதுவரை தினமும் நான்தான் அவருக்குக் கழற்றிவிடுவேன். கழற்றியவர் அப்படியே என் பக்கம் சாய்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை அதே இடது கையால் வெடுக்கென்று மேலே இழுத்தார்.

கார் குலுங்கி நின்றது. கிளட்சில் கால் இருந்ததால் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் நகத்தால் மீட்டர் கண்ணாடியிலிருந்து பொட்டைச் சுரண்டி எடுத்தார்.

அடியில் சிவப்பு.

மூக்குள்ள டீ கெட்டில் மாதிரி ஒரு படம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. ரத்தச் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் முருங்கைக்கீரை ஆய்ந்த மாலையில் காதில் ஏறிய ஒரே பாடம் அந்த நேரத்தில் எழுந்து வந்தது. சிவப்பு என்றால் அங்கேயே நிறுத்து. சாவியைத் திருகி அணைத்தேன்.

அவர் மூச்சை விட்டுவிட்டு சீட்டில் சாய்ந்தார். பொட்டு அவர் ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டியிருந்தது.

பின்னால் இருந்த டிரெய்லர் ஓட்டுநர் சண்டைக்குத்தான் இறங்கி வந்தார். "இன்னாக்கா, ரோட்ட வாங்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நின்று, தரையைப் பார்த்து, குனிந்து காருக்கு அடியில் தலையை விட்டார். எழுந்தபோது குரல் மாறியிருந்தது. "யக்கா, சாவிய தொட்டுடாத. ஆயிலு மொத்தம் ரோட்ல கீது. தோ, அங்க இருந்து கோடு போட்டுகினே வந்துகீற" என்றார். பிறகு என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, சீட்டில் சாய்ந்திருந்த என் கணவரையும், அவர் கையையும், கோலையும் பார்த்தார். முன்லாரிக்காரரைக் கூப்பிட்டார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் காரைத் தள்ளிக் கடலோரமாக நிறுத்தினார்கள். நான் நன்றி சொல்ல இறங்குவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

பத்து மணி ஆகிவிட்டது. நான் மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன். இடத்தைக் கேட்டுக்கொண்டு, "நீ போம்மா, வண்டிய நான் பாத்துக்குறேன். சாவிய டயர் மேல வெச்சிட்டு போ" என்றார். போவது எதில்? ஆட்டோவில் அவர் கால் மடங்காது. ரோட்டோரத்தில் நின்று கையாலாகாமல் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது எண்ணூர்ப் பக்கம் மீன் இறக்கிவிட்டுக் காசிமேட்டுக்கு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்பாடி வண்டி பக்கத்தில் வந்து நின்றது. மோட்டார் வைத்த மூன்று சக்கரம், முன்னால் பலகை. ஓட்டியவர் எங்கள் இருவரையும் காரையும் ஒரு சுற்று பார்த்தார். "எங்க போணும்?" என்றார். ராயபுரம் என்றேன், கால் மடங்காது என்றேன். "மடங்க வேணாமே. இது இன்னா ஆட்டோவா? காலு நீட்டிகினு ராஜா மாரி வரலாம். ஏறு அண்ணாத்த" என்று தன் துண்டை எடுத்து ஈரப் பலகையில் விரித்தார். இருவரும் சேர்ந்து அவரை ஏற்றினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

காலை நீட்டிக்கொண்டு, கோலை மடியில் வைத்துக்கொண்டு, கடல் காற்று முகத்தில் அடிக்க அவர் வந்தார். நெத்திலி வாடையில் எனக்குக் குமட்டியது. அவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தபோது இடது கையைத் தூக்கிக் காட்டினார். விரல் நுனியில் என் பொட்டு அப்படியே இருந்தது. "தெரியுதுய்யா" என்றேன். அந்த முறை உண்மையிலேயே பார்த்துவிட்டுச் சொன்னேன்.

பயிற்சி அறைக்குள் நுழையும்போது இருபத்தைந்து நிமிடத் தாமதம். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்குப் பொறுமை அதிகம். மீன் வாடைக்குக்கூட மூக்கைச் சுளிக்கவில்லை. வழக்கம்போலப் பட அட்டைகளை எடுத்து வைத்தார். வாழைப்பழம், பூனை, குடை. என் அங்கன்வாடி அட்டைகளேதான். அவர் அவற்றைப் பார்க்கவே மாட்டார். ஐம்பத்தெட்டு வயதில் பூனையைக் காட்டி என்ன இது என்று கேட்டால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்? அன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அந்தப் பெண் அவர் விரலைக் கவனித்தார். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரலையே அவர் முகத்துக்கு நேரே மெல்லத் தூக்கிப் பிடித்தார்.

"சார், இது என்ன?"

அவர் விரலைப் பார்த்தார். உதடு துடித்தது. "ஆ" என்றார். வழக்கமான "ஆ" தான் என்று நினைத்தேன். அது நிற்கவில்லை. கண்ணை இறுக மூடி, தலையை ஒரு தடவை முன்னால் உந்தி, "ஆ... யில்" என்றார்.

அந்தப் பெண் அன்பாகத் திருத்தினார். "இல்ல சார். பொட்டு. எங்க, சொல்லுங்க, பொட்டு." நோட்டில் ஏதோ எழுதப் போனார்.

"எழுதாதம்மா!" என்று நான் கத்தினேன். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "தப்புன்னு எழுதாத. சரியாத்தான் சொல்றாரு. ஆயிலுதான் அது. அரை மணி நேரமா அதத்தான் சொல்லிகினு வராரு. எனக்குத்தான் விளங்கல."

நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். வாயை மூடு என்று சொன்னதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். மேஜையில் இருந்த வாழைப்பழத்தையும் பூனையையும் எடுத்து டப்பாவுக்குள் போட்டார். "வண்டி சரியானதும் உங்க கார் மீட்டர போட்டோ எடுத்துட்டு வாங்கம்மா. சாருக்குத் தெரிஞ்ச படத்தக் கேப்போம்" என்றார். எங்கள் வீட்டுக்கு விடிவு வந்தது அந்த வாக்கியத்தில்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

கார் மூன்று நாள் பாயிடம் இருந்தது. அந்த மூன்று நாளும் அதே மீன்பாடி வண்டிக்காரர், காசிமேட்டில் வேலையை முடித்துவிட்டு விம்கோ நகருக்கு வந்து எங்களைக் கூட்டிப் போனார். வண்டியை எடுக்கப் போனபோது பாய், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பரில் ஓட்டை போட்ட இரும்புத் துண்டைக் காட்டினார். "இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டிருந்தா எஞ்சினு பூட்டிகினு நின்னுருக்கும்மா. வண்டிய கடல்ல தள்ளிட்டு போக வேண்டியதுதான். யாரு நிறுத்துனது?" என்றார். கோலை ஊன்றி நின்ற என் கணவரைக் காட்டினேன். "ஆபரேட்டர் கைன்னா சும்மாவா" என்று பாய் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். மஞ்சள் விளக்கையும் சரி செய்திருந்தார். புகைக் குழாயில் ஏதோ ஒரு சென்சார் கெட்டிருந்ததாம். "மீட்டர்ல டேப்பு ஒட்டுனவங்கள பாத்துகீறேன். பொட்டு வச்ச மீட்டர இப்பதான் கேள்விப்படுறேன்" என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மனதில் இருந்துகொண்டே இருந்தது. பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கை அவர் எப்படிப் பார்த்தார்? கார் வீட்டுக்கு வந்த அன்று, அவர் உட்காரும் இடது சீட்டில் நான் போய் உட்கார்ந்தேன். மீட்டர் கண்ணாடியில் பழைய இடத்தில் ஒரு பொட்டை ஒட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கும் விளக்குக்கும் நடுவில் இரண்டு விரல் ஆழம் இருக்கிறது. ஓட்டுகிற சீட்டிலிருந்து பார்த்தால் பொட்டு விளக்கை முழுக்க மறைக்கிறது. அவர் சீட்டிலிருந்து சாய்வாகப் பார்த்தால் விளக்கு பொட்டைத் தாண்டி முழுசாகத் தெரிகிறது. அதுவரை நான் அந்த சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. பொட்டை எடுத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் காலையில் நாங்கள் உடனே கிளம்புவதில்லை. அவரை ஏற்றி, பெல்ட்டை அவரே போட்டுக்கொண்டதும், சாவியைப் பாதி மட்டும் திருகுவேன். எஞ்சின் ஓடாது, மீட்டரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரியும். விளக்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்று கார் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற நேரம் அது என்று பாய் சொன்னார். சில உடனே அணைந்துவிடும். சில எஞ்சின் ஓடுகிற வரை எரியும். அவற்றை அவர் சொன்ன பிறகுதான் நான் ஸ்டார்ட் செய்வேன்.

"ஆயில்" என்பார். அது இப்போது சுத்தமாக வருகிறது. கெட்டில் என்று நான் நினைத்தது எண்ணெய்க் கேன். "பாட்ரி" அடுத்து வந்தது. "பிரேக்கு" வருவதற்கு ஒரு மாதம் ஆனது. "எஞ்சின்" இன்னும் வரவில்லை. அந்த மோட்டார் படத்தைப் பார்த்து முறைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். சில நாள் ஒரு வார்த்தைக்கு இரண்டு நிமிடம் ஆகும். பின்னால் பைக்கை எடுக்க நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். நானும் காத்திருப்பேன். காத்திருக்கத் தெரிந்துகொண்டது எனக்குக் கிடைத்த வரம். அந்த டிரெய்லர்க்காரருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை, பெயரும் தெரியாது. கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரி எதிரே வரும்போதெல்லாம் அவருக்காக மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். எந்த லாரிக்காரரையும் இப்போது திட்டுவதில்லை.

போன வாரம் ஒரு காலை. முகம் கழுவிவிட்டு வந்தவள், மணி ஆகிவிட்டது என்று அப்படியே ஓடி வந்தேன். சாவியைப் பாதி திருகினேன். அவர் மூன்றையும் வரிசையாகச் சொன்னார். ஸ்டார்ட் செய்தேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கக் கை வைத்தபோது, அதன்மேல் அவர் இடது கை வந்து அழுத்தமாக உட்கார்ந்தது. மீட்டரைப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக் விளக்கைத் தவிர ஒன்றும் எரியவில்லை.

"இன்னாய்யா?" என்றேன். "ஆயிலா? பாட்ரியா?"

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை என் நெற்றிக்கு நேரே நீட்டினார். உதட்டைக் குவித்தார், விட்டார், மறுபடி குவித்தார். நான் ஒன்றும் கேட்காமல் இருந்தேன்.

"பொட்டு" என்றார்.

எஞ்சினை அணைத்தேன். வீட்டுக்குள் போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதம்.